செருப்பை வெளியே விடவும்

என் அப்பாவை, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவை, சேர்ப்பதற்கு இடம் தேடி திருப்பதியில் நான் ஏறி இறங்கியது நான்கு இல்லங்கள். எல்லாமே மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற இடங்கள் என்று பலகை மாட்டியவைதான். முதல் இடத்தில் மூத்திர நாற்றம் தெருவிலேயே வந்துவிட்டது. இரண்டாவதில் ஒரு பெரியவரின் கட்டிலுக்கடியில் சாப்பிட்ட தட்டு காய்ந்து கிடந்தது, மேலே எறும்பு வரிசை. மூன்றாவதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. நான்காவது இடத்தின் வாசலில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை இருந்தது: செருப்பை வெளியே விடவும். உள்ளே வெள்ளை டைல்ஸ் தரை முகம் தெரிகிற மாதிரி மின்னியது. பினாயில் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. வேறு எதையும் பார்ப்பதற்கு முன்பே இதுதான் இடம் என்று முடிவு செய்துவிட்டேன்.

நைனா சித்தூரில் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருத் தெருவாக நடந்தவர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். யார் வீடாக இருந்தாலும் சரி, மீட்டர் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் சரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் கிறிஸ்தவ சபையிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடக்கும். பெரிய உத்தியோகக்காரர் ஒருவர் ஷூவோடு உள்ளே போய் உட்கார்ந்ததை நைனா வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிக் குமைந்திருக்கிறார்.

மறதி வந்தபோது முதலில் சபைப் பாட்டுப் புத்தகத்தின் நம்பர்கள் போயின. பிறகு அம்மா செத்துப்போனது போயிற்று, தினமும் தேடினார். கடைசியில் நான் போனேன். என்னைப் பார்த்து மரியாதையாக, "யாரைப் பாக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார். போகாமல் நின்றது அவருடைய நடை ஒன்றுதான். கைத்தடி கிடையாது, தள்ளாட்டம் கிடையாது. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நடக்கிற வரைக்கும் இவருக்கு ஒண்ணும் இல்ல. படுக்கையில விழுந்தா ரொம்ப நாள் தாங்கமாட்டாரு." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் எல்லாவற்றையும் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சித்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைத் திருப்பதியில் என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்து சந்திரகிரிக்கே போய்விட்டார். யாரோ ஒரு வீட்டு கேட்டில் நின்றுகொண்டு மீட்டரைக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர்கள் நல்லவர்கள், மோர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வெறுங்காலோடு இருந்தார். செருப்பை வழியில் எந்த வீட்டு வாசலில் விட்டாரோ, தெரியவில்லை. உள்ளங்கால் இரண்டும் கொப்புளம்.

அதற்குப் பிறகுதான் இல்லம்.

ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் எனக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் கதவருகே நின்று ஒவ்வொருத்தர் காலையும் பார்ப்பேன். சேஃப்டி ஷூ இல்லாமல் மேனேஜரே வந்தாலும் உள்ளே விடமாட்டேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் மஞ்சள் பலகை வைத்து மறித்துவிட்டுத்தான் மறுவேலை. அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

இல்லத்தையும் அப்படித்தான் சோதனை போட்டேன். குளியலறைக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், ஆடவில்லை. தீயணைக்கிற சிலிண்டரில் தேதி பார்த்தேன். மருந்து அலமாரிக்குப் பூட்டு இருந்தது. ஜன்னல் கட்டையில் விரலால் தேய்த்துப் பார்த்தேன், தூசி இல்லை. இல்லத்தை நடத்துகிறவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் நாமம், மெதுவான பேச்சு. நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். என் செருப்பு அப்போது வாசலில் இருந்தது. கால் ஜில்லென்று இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

நைனாவின் அறை இருந்த வரிசைக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. திருத்தணி பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். படிப்பு அதிகமில்லை, வாய் ஓயாது. முதல் வாரமே அவரை "நைனா, நைனா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வராந்தாவில் ஒன்பது கதவுகள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நைனா எழுந்து நடக்க ஆரம்பிப்பார். ஒவ்வொரு கதவிலும் நிற்பார். காலில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு காலால் இன்னொரு குதிகாலைத் தேய்த்து இல்லாத செருப்பைக் கழற்றுவார். பிறகு சுவரில் இருக்கிற சுவிட்ச் போர்டு பக்கம் குனிந்து கண்ணைச் சுருக்கி, "ஃபோர் டூ செவன் நைன்" என்று ரீடிங் சொல்லுவார். அந்தப் பெண் பின்னாலேயே ஒரு பழைய நோட்டோடு போவாள்.

"எழுதிக்கினியா?"

"எழுதிக்கினேன் நைனா. அடுத்த வூட்டுக்குப் போலாம்."

நிஜமாகவே எழுதினாள். நான் நோட்டை வாங்கிப் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக நம்பர்கள். தேதி போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் நைனா என்னைத் தாண்டி அவளைத்தான் பார்ப்பார். நான் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டார். அவள் வந்து, "துன்னு நைனா, ஆறிப்பூடும்" என்றால் சாப்பிட்டுவிடுவார். எனக்கு வயிறு எரிந்தது. அவளிடம் நன்றியாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது எரிச்சல்தான். அவள் என்ன செய்தாலும் அதில் ஒரு குற்றம் தேட ஆரம்பித்தேன்.

பக்கத்து அறைப் பெரியவர் மத்தியானத்தில் வராந்தாவிலேயே சிறுநீர் கழித்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது என் மூக்கில் பட்டுவிட்டது. நடத்துகிறவரிடம் போனேன். காலையும் மாலையும் துடைத்தால் போதாது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருமுறை துடைக்க வேண்டும் என்றேன். "பர்வாலேது மேடம், செஞ்சிடலாம்" என்றார். நான் அதோடு விடவில்லை, புகார் நோட்டிலும் எழுதிவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்தே மூன்றாவது முறை துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாளியில் பினாயில் தண்ணீர், ஈரம் சொட்டுகிற மாப்பு. கொசுவுக்காக ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள். தரை காய நேரம் பிடிக்கும். மற்றவர்களெல்லாம் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். நைனாதான் நடப்பவர்.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு ஒரு வாரநாளில் போனேன். சொல்லாமல் போனேன், பிடிக்க வேண்டும் என்றே போனேன். இரண்டு மணி இருக்கும். துடைத்த தரை பளபளவென்று இருந்தது. அதன் மேல் நைனா செருப்போடு நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் பக்கிள் வைத்து இறுக்குகிற வார் செருப்பு. அவர் ஒவ்வொரு கதவிலும் நின்று கழற்றப் பார்க்கிறார், வார் விடமாட்டேன் என்கிறது. அவள் நோட்டோடு பின்னால் வருகிறாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இன்னா இது? வூட்டுக்குள்ள செருப்பா?"

அவள் பயப்படவில்லை. "புதுசு மேடம், வெளியவே போடாதது. நான்தான் வாங்கியாந்தேன். அடியக் கழுவிட்டுத்தான் மாட்டினேன்" என்றாள். "தொடச்ச தரை காயறதுக்குள்ள நைனா எழுந்துடறாரு. நிக்கச் சொன்னா நிக்கமாட்டேன்றாரு. ரெண்டு வாட்டி சறுக்கிட்டாரு, நான் புடிச்சிக்கினேன்."

"சறுக்கினாரா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நடக்க விடமாட்டாங்க மேடம். நாற்காலியில உக்கார வெச்சி துணியால கட்டிடுவாங்க. அந்த ரூம்ல ஒருத்தர அப்படித்தான் வெச்சிக்கினு கீறாங்க. நீங்களே சாருகிட்ட சொல்லுங்க, உள்ள போட்றதுக்குன்னு எல்லாருக்கும் ஒரு செருப்பு குடுக்கச் சொல்லி."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. ஃபேக்டரியில் ஒரு தொழிலாளி இதைச் சொல்லியிருந்தால் அவளை முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்ட வைத்திருப்பேன். அந்த வராந்தாவில் என் வாயில் வந்தது வேறு. "எங்க குடும்பத்துல வூட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கினு திரியற பழக்கம் கிடையாது. உங்க வூட்ல எப்படியோ" என்றேன். அவள் முகம் சுருங்கியது. கீழே உட்கார்ந்து நைனாவின் பக்கிளை அவிழ்த்தாள். நைனா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிக் கொடுத்தார். செருப்பு கழன்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்து, பார்த்தாயா என்பது போல அவளை ஒரு பார்வை வேறு பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செருப்பு ஒரு சாக்கு. அவர் அவள் தோளைப் பிடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேராக ஆபீஸ் அறைக்குப் போய் மறுபடியும் புகார் நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினேன். வாயாலும் சொன்னேன். ஆளை மாற்றுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி, "சுத்தம்ல காம்ப்ரமைஸ் லேது மேடம்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லை. வேறு வரிசைக்குத்தான் மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன், வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அவளுடைய இடத்தில் வந்தவள் பேசாமல் இருந்தாள், மேடம் மேடம் என்று குழைந்தாள். நைனா அவளையும் யாரென்று பார்த்தார், என்னையும் யாரென்று பார்த்தார். நாங்கள் சமமாகிவிட்டோம் என்று எனக்கு ஒரு கேவலமான திருப்தி இருந்தது.

அவள் போன பதினாறாம் நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு ஃபேக்டரிக்கு போன் வந்தது. நைனா நான்காவது கதவருகே வழுக்கி விழுந்திருந்தார். புதியவள் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாளாம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆபரேஷன் செய்தார்கள், கம்பி வைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் உடைந்த எலும்பு உடைந்திருக்கிறது என்பதை ஒருத்தர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நைனாவால் முடியவில்லை. கண் விழித்ததும் எழுந்து நடக்கப் பார்ப்பார். வலி வந்ததும் அலறுவார். பத்து நிமிஷத்தில் அந்த வலியும் மறந்துபோகும், மறுபடி எழப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புது வலி. கடைசியில் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டுவதற்குச் சம்மதம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாரத்தில் இல்லத்துக்குப் போய் ஒரு கை பார்த்துவிட்டேன். ஈரத் தரையில் வயசானவரை விடலாமா, ஒரு பலகை வைக்க வேண்டாமா, கூட ஆள் இருக்க வேண்டாமா என்று எனக்குத் தெரிந்த விதிமுறையை எல்லாம் அடுக்கினேன். நடத்துகிறவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோது புகார் நோட்டை எடுத்து இரண்டு பக்கங்களைத் திருப்பி என் முன்னால் வைத்தார். இரண்டும் என் கையெழுத்து. 'மத்தியானமும் தரையைத் துடைக்கவும்.' 'செருப்புடன் உள்ளே நடக்க விடுகிறார்கள். இது நல்ல பழக்கம் அல்ல. உடனே நிறுத்தவும்.' கீழே பெயர், போன் நம்பர். இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தேன்.

அந்த ஆள் மீதும் தப்பு உண்டு. அவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நோட்டைப் பார்த்த பிறகு அதை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டேன். செருப்பு விடுகிற இடத்தில் என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நைனாவை சித்தூர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீண்ட லீவு எழுதிக் கொடுத்தேன். அவர் நாலு மாதம் படுக்கையில் இருந்தார். முதுகில் புண் வந்தது. அறையில் நாற்றம் இருந்தது. எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை, ஏனென்றால் நாற்றம் தரையிலிருந்து வரவில்லை. கால்கள் மட்டும் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருந்தன. குதிகாலை குதிகாலால் தேய்ப்பார். அந்தத் தேய்ப்பில் அங்கேயும் தோல் உரிந்து புண்ணாயிற்று. நெஞ்சில் சளி கட்டி ஒரு காலையில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் இல்லத்துக்காரர்களைத்தான் திட்டினார்கள். "கவனமில்லாம வுட்டுட்டாங்க" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அழுதேன், அது நிஜ அழுகைதான். சபை ஐயர் ஜெபத்தில் "தகப்பனைத் தாங்கிய மகள்" என்று சொன்னபோதும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். ஒருத்தரிடமாவது நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதும் தெரிந்தது. அவளுடைய போன் நம்பரை இல்லத்தில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சாயங்கால நேரம், மொட்டைத் தலைகளும் லட்டுப் பைகளுமாக நெரிசல். யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். திரும்பினால் அவள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஏதோ லாட்ஜில் அறை பெருக்குகிற வேலை கிடைத்திருக்கிறது என்று அவளே சொன்னாள். அவள் என் மேல் கோபமாக இருப்பாள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"நைனா எப்படிக் கீறாரு மேடம்? நடந்துக்கினு கீறாரா?"

சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. வாயைத் திறந்தேன்.

"நடக்கிறாரு" என்றேன்.

"அய்யோ, எனக்கு அதான் கவலை" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நான் போய்ட்டா யாரு புடிச்சிப்பாங்கன்னு தூக்கமே வரல மேடம். நீங்க பாத்துக்கினு இருப்பீங்கன்னு மனசைத் தேத்திக்கினேன். பொண்ணு கீறாங்க இல்ல, வுட்டுடுவாங்களா."

திருத்தணி பஸ் வந்து நின்றது. அவள் இரண்டு எட்டு ஓடினாள், பிறகு திரும்பி வந்தாள். பையிலிருந்து ஒரு பன் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள். அவளுடைய பிள்ளைகளுக்கு வாங்கியதாக இருக்க வேண்டும்.

"பால்ல நனைச்சிக் குடுங்க, பல்லுக்குப் பதமா இருக்கும். நான் குடுத்தேன்னு சொல்லுங்க. பேரு சொன்னா தெரியாது, நோட்டு எழுதற பொண்ணுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்று வாங்கிக்கொண்டேன்.